ஓரியின் மலையில் ஓர் அகதி

(கொல்லிமலைச் செம்மேட்டில் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இந்த மலைமீது ஏறி வந்திருக்கிறேன். காரவள்ளியிலே தொடங்கிய ஏற்றம் செம்மேடு வரை என்னைச் சுற்றிச் சுற்றி அடித்தது. வழியெல்லாம் ஒரு கேள்வியும் என்னோடு கூடவே ஏறி வந்தது. இந்த மலை யாருடையது?

நீராட வருவோரைக் கேட்டால் ஆகாய கங்கை பாயும் மலை என்பர். கும்பிட வருவோரைக் கேட்டால் அறப்பளீசுவரர் மலை என்பர். வணிகரைக் கேட்டால் மிளகும் காபியும் விளையும் மலை, அன்னாசியும் பலாவும் மணக்கும் மலை என்பர். தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விதைத்து வாழும் மலையாளி மக்களைக் கேட்டாலோ, கேள்வியே விளங்காதவர் போல நம்மை ஏற இறங்கப் பார்ப்பர். விடுகிற மூச்சுக்கு உரிமையாளன் யார் என்று எவனாவது கேட்பானா?

ஆனால், வரலாறு கேட்டது. வாளை நீட்டிக் கேட்டது!

கடையெழு வள்ளல்களிலே ஒருவன் வல்வில் ஓரி. இந்த மலையின் தலைவன். அவன் விடும் அம்பு ஒன்றே யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் அடுத்தடுத்துத் துளைக்கும் என்று புலவர் வியந்த வில்லாளி. அவன்மீது திருக்கோவலூர்க் காரி படையெடுத்து வந்தான், கொன்றான், மலையை எடுத்துச் சேரன் கையிலே கொடுத்தான். வேடிக்கையைக் கவனியுங்கள்! காரியும் வள்ளல்தான், அதே எழுவரில் ஒருவன்தான். ஆயினும் அன்று அவன் கொடுத்த கொடை, தன் பொருள் அல்ல, பிறன் மலை! ஓரியின் ஊர்த் தெருவிலே காரி நுழைந்தபோது எழுந்த பேரிரைச்சலை நற்றிணைப் பாட்டு ஒன்று நமக்காகப் பதிந்து வைத்திருக்கிறது. எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்தும் அந்தத் தெருவின் ஓசை ஓயவில்லை.

பறம்பு மலையை நினைத்துப் பாருங்கள். மூவேந்தரும் சூழ்ந்தனர்; பாரி மாண்டான்; அவன் மகளிர் இருவரும் கபிலரின் துணையோடு மலையை விட்டு வெளியேறினர். வென்ற வேந்தரின் களிப்பு நமக்கு மறந்துவிட்டது. தந்தையையும் இழந்து, குன்றையும் இழந்து, நிலவைப் பார்த்து நின்ற அந்த இரு பெண்களின் துயரம் இன்றளவும் மறக்கவில்லை. தமிழ் தன் பழம்பாட்டிலேயே அகதிக்கு ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறது.

ஏன் இந்தப் பழங்கதை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பிறன் மண்ணைப் பிடிப்பவனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. மண்ணைப் பிடிப்பது முதல் வேலை. அந்த மண்ணுக்கும் அதன் மக்களுக்கும் இடையே உள்ள தொடர்பை அறுப்பது இரண்டாவது வேலை. முதல் வேலையைப் படை சில நாளிலே முடித்துவிடும். இரண்டாவது வேலை எளிதிலே முடிவதில்லை. ஏனெனில், அது துப்பாக்கிக்குக் கட்டுப்படாத வேலை.

திபெத்தைப் பாருங்கள். 1950 அக்டோபரிலே சீனப் படை உள்ளே நுழைந்தது. 1951இலே பெய்சிங்கிலே பதினேழு அம்ச உடன்பாடு எழுதப்பட்டது. 1959 மார்ச் 10ஆம் நாள் லாசா நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மார்ச் 17 இரவு, சாதாரணப் போர்வீரன் உடையிலே தலாய் லாமா அரண்மனையை விட்டு வெளியேறினார். மார்ச் 31இலே இந்திய எல்லைக்குள் காலெடுத்து வைத்தார். ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் பின்தொடர்ந்து வந்தனர். மண்ணைப் பிடிக்கும் வேலை அத்துடன் முடிந்தது.

தொடர்பை அறுக்கும் வேலை முடிந்ததா? முடிந்திருந்தால், தலாய் லாமாவின் படத்தை வீட்டிலே வைப்பது இன்னும் ஏன் குற்றம்? அயல்நாட்டிலே வாழும் அண்ணனோடு பேசியதற்காகத் தம்பியை ஏன் பிடித்துக்கொண்டு போகிறார்கள்? டாசி வாங்சுக் என்று ஒரு கடைக்காரர். அவர் குண்டு வீசியவர் அல்லர். கொடி பிடித்தவரும் அல்லர். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே எங்கள் தாய்மொழியைச் சொல்லித்தாருங்கள் என்று ஒரு செய்திப் படத்திலே பேசினார். 2016இலே கைது, 2018இலே ஐந்தாண்டுச் சிறை, 2021 சனவரியிலேதான் விடுதலை. தாய்மொழியைக் கேட்டதற்குச் சிறை என்றால் என்ன பொருள் என்பதை, மற்றவர்க்கு விளக்க வேண்டியிருக்கலாம். மொழிக்காகச் சிறை சென்றோரின் வழியிலே வந்த உங்களுக்குமா நான் விளக்க வேண்டும்?

இப்பாலே வந்த திபெத்தியரோ, நம் அண்டை மாநிலத்திலே, மைசூருக்கு அப்பால் பைலகுப்பையிலே, காடு திருத்திக் குடியேறினர். 1960களின் தொடக்கத்திலே அன்றைய மைசூர் அரசு நிலம் தந்தது. திபெத்தியப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் நடத்த 1961இலே இந்திய அரசு தனி அமைப்பை நிறுவியது. புலம்பெயர்ந்த திபெத்தியர் தமக்கென்று தேர்தல் நடத்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். குளிர்காலத்திலே நம் நகரங்களின் கடைவீதியிலே கம்பளிச் சட்டை விற்கும் அந்த மக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த மண்ணிலே பிறந்த பேரனும் லாசாவைத் தன் ஊர் என்கிறான். உண்ண நிலமும், பயிலப் பள்ளியும், பேச மொழியும் கிடைத்ததாலே அவன் தாயகத்தை மறந்துவிடவில்லை. அவை கிடைத்ததால்தான் மறவாமல் இருக்கிறான்! இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, நம் வீட்டுக்கு வருவோம்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் கடல். 1983 சூலைப் படுகொலையிலிருந்து, அந்தக் கடலைக் கடந்து தமிழ்நாட்டுக் கரையேறியோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். பலர் திரும்பினர், பலர் வேறு நாடுகளுக்குப் போயினர். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி முகாம்களிலே இருந்தவர் ஏறத்தாழ ஐம்பத்தெட்டாயிரம் பேர். வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழ்ந்தவர் ஏறத்தாழ முப்பத்துநாலாயிரம் பேர். அந்த முகாம்கள் எங்கோ இல்லை. இந்தக் கொல்லிமலை அடங்கிய நாமக்கல் மாவட்டத்திலும் உண்டு. உங்களிலே எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். நானும் பல ஆண்டுகள் போகாதவன்தான்.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்தவன் நான். ஈழத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். யாழ்ப்பாண நூலகம் 1981இலே எரிந்த காட்சியிலே மேடையே சிவந்துவிடும். முள்ளிவாய்க்கால் காட்சியிலே தாய்மார் விம்முவர். மலையடிவாரத்து ஊர் ஒன்றிலே அதை நடத்தினோம். முன்வரிசையிலே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன், இறுதிக் காட்சிக்கு முன்னே எழுந்து போனான். எனக்குக் கோபம்! மறுநாள் மாலை அவனே என்னைத் தேடி வந்தான். "நாடகம் பிடிக்கவில்லையா தம்பி?" என்றேன்.

"பிடிச்சுதண்ணே. விடிஞ்சா முகாமிலே தணிக்கை. கடைசி பஸ்ஸை விட்டா, தலை எண்ணுற நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முடிவு என்னண்ணே? எங்க ஊர்க் கதைதானே, தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்" என்றான்.

எவனுடைய கதையை மேடையிலே நடத்தினேனோ, அவனுக்கே முடிவைப் பார்க்க நேரமில்லை. நான் எழுதிய வசனங்களெல்லாம் என் முகத்திலேயே வந்து அறைந்தன.

அவனோடு முகாமுக்குப் போனேன். பத்தடிக்குப் பத்தடி அறை. அதிலே அவனுடைய பாட்டி. எழுபதைக் கடந்த மூதாட்டி. பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் கதையைச் சொல்கிறேன்.

அவருடைய முன்னோர் இந்தக் கொல்லிமலையின் அடிவாரத்திலே, துறையூர்ப் பக்கத்திலே வாழ்ந்தவர்கள். பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்டுத் திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் பின்னே கண்டிச் சீமைக்குப் போன இலட்சக்கணக்கான உழைப்பாளிகளிலே சிலர். மண்டபத்திலே இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் முகாம் ஒன்று இருந்தது. அங்கே தொழிலாளரைத் தடுத்து வைத்து, நோய் பார்த்து, கப்பலேற்றினார்கள். காடு அழித்துக் காபியும், காபி அழிந்தபின் தேயிலையும் நட்டுத் தீவை வளப்படுத்தினர். 1948இலே விடுதலை பெற்ற இலங்கை, தன் முதல் வேலைகளிலே ஒன்றாக, ஒரு குடியுரிமைச் சட்டம் செய்து, அந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது.

1964 அக்டோபரிலே சாத்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டனர். 5,25,000 பேர் உனக்கு. 3,00,000 பேர் எனக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றனர். 1974இலே மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். காரி மலையைத் தூக்கிக் கொடுத்தான். இவர்கள் மனிதரையே பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவரைப் பார்த்து, உன் விருப்பம் என்ன என்று எந்த மேசையிலும் கேட்கவில்லை.

அந்த மூதாட்டி தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறந்தவர். 1977 கலவரத்திலே அடிபட்டு வவுனியாவுக்கு ஓடினார். அங்கே காடு வெட்டிக் கழனி கண்டார். 1990இலே போர் மீண்டும் மூண்டது. ஒரு மகனைப் புதைத்துவிட்டு, மற்றொரு மகனைக் கையிலே பிடித்துக்கொண்டு படகேறி இராமேசுவரம் வந்தார். கொண்டுபோய் வைத்த இடம் எது தெரியுமா? மண்டபம் முகாம்! முன்னோர் எந்த வழியாகத் தொழிலாளியாகப் போனார்களோ, அந்த வழியாகவே அகதியாகத் திரும்பினார். பிறகு இந்த மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். ஆக, தன் பூட்டன் பிறந்த மலையின் நிழலிலே இன்று அவர் ஓர் அயல்நாட்டார்!

ஒருநாள், தணிக்கை இல்லாத நாளாகப் பார்த்து, அவரை இந்த மலைக்கு அழைத்து வந்தோம். குலதெய்வம் மாசிப் பெரியண்ணசாமி என்று அவர் வீட்டிலே சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பகுத்தறிவு பேசும் நான் அன்று வாதாடவில்லை. கடல் கடந்து, தலைமுறைகள் கடந்து, ஒரு குடும்பம் பிறந்த மண்ணின் முகவரியைக் கடவுள் பெயரிலே மடித்து வைத்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. வளைவுகள் முடிந்து மேலே வந்ததும், சில்வர் ஓக் மரத்திலே மிளகுக்கொடி படர்ந்திருப்பதைப் பார்த்து மூதாட்டி நின்றுவிட்டார். "இது எங்க தோட்டத்து மரமில்ல!" என்று பட்டையைத் தடவினார். பூட்டன் மலையிலே நின்றுகொண்டு அவர் தேடியது, பிறந்த தோட்டத்தை.

பிறகு சொன்னார்: "தம்பி, எனக்கு ரெண்டு ஊரு. சாமி இங்க இருக்கு. பெத்த புள்ள அங்க மண்ணுக்குள்ள இருக்கு. ரெண்டு ஊர்லயும் எனக்கின்னு ஒரு காகிதம் இல்ல."

தோழர்களே! ஐந்து அங்க நாடகத்திலே நான் சொல்ல முடியாததை அந்த மூதாட்டி மூன்று வரியிலே சொல்லிவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலே இந்தியா கையெழுத்திடவில்லை. முறையான கடவுச்சீட்டு இன்றி வந்தவர், எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், சட்டத்துக்குப் புறம்பாக வந்தவரே என்ற பட்டத்தைச் சுமக்கின்றனர். அந்தப் பட்டம் குடியுரிமைக் கதவை அடைக்கிறது. 2019இலே வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எண்ணியது. இலங்கை அந்த எண்ணிக்கையிலே இல்லை. 2025 மே மாதத்திலே, ஈழத்தமிழர் ஒருவரின் வழக்கிலே, உலகத்து அகதிகளுக்கெல்லாம் இந்தியா என்ன தர்மசாலையா என்று உச்சநீதிமன்ற அமர்வு ஒன்று கேட்டது. பணிவோடு ஒன்றை நினைவூட்டுகிறேன். தர்மசாலா என்று பெயர் கொண்ட ஊரிலேயே ஓர் அகதித் தலைவருக்கு இடம் கொடுத்த நாடு இது! அங்கே அந்தப் பெயர் பெருமை. இங்கே மட்டும் அது ஏளனம் ஆகலாமா?

திபெத்தியருக்குக் கொடுத்ததைக் குறை என்று நான் சொல்லவில்லை. கொடுத்தது நியாயம்; அந்த நியாயம் கடலைக் கடந்து வந்தவருக்கும் வேண்டும் என்கிறேன். தமிழக அரசு 2021இலே முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்ட முனைந்தது. நல்லது; வாழ்த்துவோம். ஆனால், சுவர் எழுப்புவது மாநிலத்தின் கையிலே இருக்கிறது. குடிமகன் என்ற சொல்லை எழுதும் பேனா தில்லியின் கையிலே இருக்கிறது.

இங்கே நம்முடைய தோழர் சிலரே ஒரு தடை எழுப்புவர். "அகதிக்கு இங்கே குடியுரிமை கொடுத்தால், ஈழத்திலே தமிழன் எண்ணிக்கை குறையாதா? தாயக உரிமை தளராதா? காலியான மண்ணைச் சிங்களப் படை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதா?" என்பர். எளிய கேள்வி அல்ல இது. திபெத்தியரிடையேயும் இந்த வாதம் உண்டு. இந்தியச் சட்டப்படி, 1950 சனவரி 26 முதல் 1987 சூலை 1க்கு முன்பு வரை இம்மண்ணிலே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். தில்லி உயர்நீதிமன்றம் 2010இலே ஒரு திபெத்தியப் பெண்ணின் வழக்கிலே அதை உறுதி செய்தது. அப்போது அவர்களிலும் சிலர், இந்தியக் கடவுச்சீட்டு வாங்கினால் போராட்டம் நீர்த்துப்போகுமோ என்று அஞ்சினர்.

நான் கேட்கிறேன். காகிதம் இல்லாத அந்த மூதாட்டி, மகன் புதைகுழிக்கு ஒரு பூ வைக்கப் போக முடிகிறதா? 2023 அக்டோபரிலே நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள். நீங்களும் நானும் கடவுச்சீட்டோடு ஏறலாம். அவர் ஏற வேண்டுமானால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். போனால், மீண்டும் பேரன் முகம் பார்க்க வருவதற்கு வழி இல்லை. குடியுரிமை இருந்தால் தாயகத் தொடர்பு அறுந்துவிடும் என்கிறீர்களே, குடியுரிமை இல்லாததால் அல்லவா அது அறுந்து கிடக்கிறது! கையிலே காகிதம் உள்ளவன்தான் போய்வர முடியும். போய்வருபவன்தான் காணிக்கு உரிமை கேட்க முடியும். கோயிலிலே விளக்கேற்ற முடியும். வழக்கு மன்றத்திலே சாட்சி சொல்ல முடியும்.

மண்ணிலே நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். இரணைதீவு என்று ஒரு சிறு தீவு. 1992இலே மக்கள் இடம்பெயர்ந்தனர், கடற்படை உட்கார்ந்துகொண்டது. போர் முடிந்து எத்தனையோ ஆண்டு ஆயிற்று, தீவு திரும்பவில்லை. 2017 மே முதல் நாள் அறப்போர் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு வீதியிலே உட்கார்ந்தனர். 2018 ஏப்ரல் 23ஆம் நாள், வெள்ளைக்கொடி கட்டிய படகுகளிலே தாமே தங்கள் தீவுக்குப் போய் இறங்கினர். கையிலே ஆயுதம் இல்லை. எங்கள் ஊர் என்ற சொல் மட்டும் இருந்தது. தேவாலயத்திலே தொழுதனர், அங்கேயே தங்கிவிட்டனர். கடற்படையின் துப்பாக்கி பார்த்துக்கொண்டு நின்றது.

இதுதான் நான் சொல்ல வந்தது. தாயகத்தைக் காப்பவர் இருவர். மண்ணை விடாமல் நிற்பவர் ஒருவர். மண்ணை மறவாமல் இருப்பவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே போக்குவரத்து இருக்கும்வரை எந்தப் படையும் தன் இரண்டாவது வேலையை முடிக்க முடியாது. அந்தப் போக்குவரத்தை அறுப்பவர் யாராயினும், அவர் வாயிலே ஈழ முழக்கம் இருந்தாலும், ஆக்கிரமித்தவனுக்கே வேலை செய்கிறார். அகதியை முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு ஓர் அறையிலே வைத்துத் தலை எண்ணிக்கொண்டிருப்பது, கொழும்பு தொடங்கிய வேலையை நம் மண்ணிலே நாமே தொடர்வதாகும். தங்கும் உரிமையும் வேண்டும். திரும்பும் உரிமையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்கக் கூடாது.

ஆகவே, தோழர்களே, உங்களிடம் நான் கேட்பது நிதியும் அல்ல, ஊர்வலமும் அல்ல. உங்கள் வட்டத்திலே முகாம் எங்கே இருக்கிறது என்று கேட்டறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே போங்கள். மாலையும் ஒலிபெருக்கியும் வேண்டா. எழுதத் தெரிந்த ஒரு கையும், பொறுமையாகக் கேட்கும் இரண்டு காதும் போதும். பெட்டிக்கு அடியிலே பழைய தோட்டத்து ஆவணம் இருக்கும். 1964 உடன்பாட்டின் கீழ் பதிந்த சீட்டு இருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்று தேதி தவறிக் கிடக்கும். 1987 சூலைக்கு முன்பே இங்கே பிறந்தும், தான் குடிமகன் என்பதை அறியாமலே தணிக்கைக்கு நிற்பவனும் இருக்கலாம். இலங்கை 2003இலே நாடற்ற மலையக மக்களுக்குக் குடியுரிமைச் சட்டம் செய்தது. அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல ஆளின்றிக் கிடக்கும். படித்துச் சொல்லுங்கள், மனு எழுதுங்கள், வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணீர் வடிக்கத் தெரிந்த நமக்கு ஒரு காகிதம் எழுதத் தெரியவில்லை என்ற பழி வேண்டாம்.

நானும் ஒரு திருத்தம் செய்துவிட்டேன். என் நாடகத்தை இப்போது மாலை ஐந்து மணிக்கே தொடங்கச் சொல்லியிருக்கிறேன். முகாமுக்குப் போகும் கடைசிப் பேருந்துக்கு முன்னே திரை விழுந்துவிட வேண்டும். அந்தத் தம்பி முடிவைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, "இது முடிவில்லண்ணே, மாத்தி எழுதுங்க" என்று சொன்னால், மாற்றி எழுதக் காத்திருக்கிறேன்.

மூதாட்டியை அன்று கீழே கொண்டுபோய் விட்டபோது, மடியிலே ஒரு பிடி மிளகு முடிந்து வைத்திருந்தார். "எதற்கு ஆத்தா?" என்றேன். "வவுனியாக் காணியிலே போட்டா முளைக்குமான்னு பார்க்கணும் தம்பி" என்றார்.

போட்டுப் பார்க்க அவருக்கு ஒரு வழி செய்வோம்.